ஒரே கிணறு, இரண்டு அறிக்கை

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து வீடுகளில் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் குடிக்குமுன் எல்லோரும் முகர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்துவிட்டது என்ற பேச்சு மல்லாகம், ஏழாலை, ஊரெழு என்று பரவி, தென்கிழக்கே சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் உரும்பிராய்ச் சந்திவரை வந்து சேர்ந்தது.

பேச்சுக்குப் பின்னால் காகிதமும் இருந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013இன் பிற்பகுதியிலிருந்து மின்நிலையச் சூழலில் ஏறத்தாழ 150 கிணறுகளைச் சோதித்திருந்தது. அவற்றில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட, அனுமதிக்கப்பட்ட அளவை மிஞ்சிய எண்ணெய் இருப்பதாக அந்த ஆய்வு சொன்னது. 2015இல் வடக்கு மாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. தான் சோதித்த நீரில் பென்சீன் போன்ற நச்சு ஐதரோகாபன்கள் இல்லை என்றது அந்தக் குழு. ஒரே நிலத்தடி நீர். இரண்டு பக்கமும் படித்தவர்கள், இரண்டு பக்கமும் ஆய்வுகூட முத்திரை. ஊரில் வாதம் இந்த மட்டில் நின்றது:

“அண்ணை, சோதிச்சவை ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். பேந்தென்ன பயம்?”

“தம்பி, நீ கடுதாசியை நம்பிறியோ, மூக்கை நம்பிறியோ?”

இப்படியொரு முட்டுச்சந்தில் நிற்பவருக்கு மூன்று வழிகள் சுலபமாகத் தெரியும். ஒன்று, தமக்குப் பிடித்த ஆட்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வது. இரண்டு, ‘உண்மை நடுவில்தான் எங்கோ இருக்கும்’ என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. மூன்று, ‘இவங்கள் எல்லாரும் ஒண்டுதான்’ என்று கையை உதறிவிடுவது. மூன்றிலும் யாரும் அறிக்கையைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்த்தால் முதலில் கேட்கத் தோன்றுவது ‘யார் சொல்வது சரி’ என்பதாக இராது. ‘இவர்கள் ஒவ்வொருவரும் எதை அளந்தார்கள்’ என்பதாகவே இருக்கும். முரண்படுவதாகத் தோன்றும் அறிக்கைகளில் கணிசமானவை இரண்டு வேறு கேள்விகளுக்கு எழுதப்பட்ட இரண்டு சரியான விடைகள்.

போத்தலுக்குள் நடப்பது

‘எண்ணெயும் கிறீஸும்’ என்பது நீர்ச் சோதனையில் ஓர் அளவீட்டின் பெயர். அதற்குத் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் என்றால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் செய்வதுபோல அதே தண்ணீரால் போத்தலை முதலில் அலசிக் கொட்டவும் கூடாது; அலசும்போது படியும் எண்ணெயும் சேர்ந்து அளவைக் கூட்டிவிடும். எடுத்த கையோடு சில துளி அமிலம் விட்டு, பீஎச் பெறுமானத்தை 2க்குக் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற வழியிலேயே பக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்னத் தொடங்கிவிடும். ஆய்வுகூடத்தில் போத்தலில் உள்ளதை முழுவதுமாகப் பிரிபுனலில் ஊற்றி, ஹெக்சேன் என்ற கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குவார்கள். எண்ணெய்த்தன்மை உள்ளதெல்லாம் தண்ணீரை விட்டு ஹெக்சேனுக்குள் போய்விடும். அதைத் தனியே வடித்து ஆவியாக்கினால் பாத்திரத்தின் அடியில் ஒரு படிவு மிஞ்சும். அந்தப் படிவின் எடைதான் விடை.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஹெக்சேனுக்கு டீசல், நல்லெண்ணெய் என்ற வேறுபாடு தெரியாது. தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, மெழுகு, சில வகைச் சவர்க்காரப் பொருட்கள் எல்லாம் அதே படிவில் சேர்ந்துவிடும். அடுத்தது, ஆவியாக்கும் வேளையில் ஹெக்சேனோடு சேர்ந்து இலேசான ஐதரோகாபன்களும் பறந்துபோகும். பென்சீன் அப்படிப் பறப்பவற்றுள் ஒன்று.

மற்றச் சோதனை பென்சீன், தொலுயீன், எதில்பென்சீன், சைலீன் என்ற நான்கையும் தேடுவது. இதற்கு 40 மில்லிலீற்றர் அளவுள்ள சின்னக் குப்பி போதும். ஆனால் அதை விளிம்பு தளும்ப நிரப்பி, மூடித் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி தெரிந்தாலும் அந்த மாதிரி பழுது, ஏனென்றால் பென்சீன் தண்ணீரை விட்டு அந்தக் குமிழிக்குள் ஓடிவிடும். பிறகு வாயு நிறப்பகுப்புக் கருவி அதைக் கூறுகூறாகப் பிரித்துக் காட்டும். மிக நுட்பமான சோதனைதான். ஆனால் பாரமான எண்ணெய் இந்தக் கருவியின் கண்ணில் படாது. பென்சீன் குடும்பம் பெற்றோலில் தாராளமாக உண்டு. டீசலில் குறைவு, மின்நிலையங்கள் எரிக்கும் கனமான உலை எண்ணெயில் அதைவிடக் குறைவு. இருக்கும் கொஞ்சமும் காற்றோட்டமுள்ள நிலத்தில் நுண்ணுயிர்களால் வேகமாகச் சிதைந்துவிடும்.

இப்போது இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘எண்ணெயும் கிறீஸும் அளவை மிஞ்சியிருக்கிறது’ என்பதும், ‘பென்சீன் வகைகள் இல்லை’ என்பதும் ஒரே போத்தல் தண்ணீருக்கு ஒரே நாளில் உண்மையாக இருக்கலாம். முதலாவது மட்டும் கையிலிருந்தால் ‘நச்சுப் பெற்றோலியம்’ என்று முழங்க முடியாது. இரண்டாவது மட்டும் இருந்தால் ‘எண்ணெயே இல்லை’ என்று முழங்க முடியாது. ஊரில் நடந்த சண்டையின் பெரும்பகுதி இந்த இரண்டு முழக்கங்களுக்கும் இடையே நடந்தது.

இந்தப் பிணக்கை மேலே கொண்டுபோகும் சோதனைகளும் உண்டு. ஹெக்சேனில் வந்ததைச் சிலிக்கா ஜெல்லில் வடித்தால் சமையல் எண்ணெய், கொழுப்பு போன்றவை ஜெல்லில் பிடிபட்டு நிற்க, பெற்றோலிய ஐதரோகாபன்கள் மட்டும் வழிந்து வெளியே வரும். வந்ததை நிறப்பகுப்புக் கருவியில் ஓடவிட்டால், டீசலுக்கு ஒரு வடிவம், உலை எண்ணெய்க்கு இன்னொரு வடிவம் என்று வரைபடம் விழும். கட்சி பிரிந்து நிற்பவர்கள் கேட்டிருக்க வேண்டியது இந்த மூன்றாவது சோதனையை.

எங்கே அள்ளியது, எப்போது அள்ளியது

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறு. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழை செம்பாட்டு மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் தங்குகிறது. கடல்நீரைவிட நன்னீர் இலேசு என்பதால் அது உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு.

இந்த அமைப்பில் தண்ணீர் எடுக்கும் ஆழம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிலாவரைக் கிணறே போதும். மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்தில் எடுத்தால் உப்பு. ‘நிலாவரைத் தண்ணீர் உவர்’ என்பவரும் ‘நன்னீர்’ என்பவரும் கைகலக்கத் தேவையில்லை. எந்த ஆழத்தில் எடுத்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் இருவரும் சரி.

எண்ணெயிலும் இதே கதைதான், தலைகீழாக. எண்ணெய் மிதக்கும். வாளியால் அள்ளினால் மேற்படலமும் சேர்ந்து வரும். மோட்டர் போட்டு இறைத்தால் குழாயின் வாய் அடியில் இருப்பதால் படலம் கிணற்றிலேயே நிற்கும், தண்ணீர் மட்டும் வரும். வாளித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வேறு வேறு ஆய்வுகூடத்துக்குப் போனால் வேறு வேறு விடை வருவதில் எந்தச் சூழ்ச்சியும் இல்லை. மாரிக்குப் பிறகு நீர்மட்டம் உயரும்போது, மண்ணில் ஊறிக் கிடந்த எண்ணெய் மேலே கிளம்பலாம், அல்லது மழைநீரில் ஐதாகலாம். எனவே தைமாத மாதிரியை ஆவணிமாத மாதிரியோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

சுண்ணாம்புக்கல் இன்னொரு சிக்கலையும் வைத்திருக்கிறது. மணல் நிலத்தில் நீர் ஒரே சீராகக் கசியும். சுண்ணாம்புக்கல்லில் அது வெடிப்புகளையும், பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைந்து உண்டான உட்குடைவுகளையும் பிடித்துக்கொண்டு ஓடும். வேலிக்கு இந்தப் பக்கக் கிணறு மாசுபட, அந்தப் பக்கக் கிணறு தப்பிவிடலாம். ‘மாமியின்ர கிணத்தில ஒண்டுமில்லையே’ என்பது மாமியின் கிணற்றைப் பற்றிய செய்தி மட்டுந்தான்.

மூக்கையும் கண்ணையும் நம்புபவர்களுக்கு ஒரு சிறு சோதனை. தேங்கிய நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் அது எண்ணெய் என்று முடிவுகட்ட வேண்டாம். இரும்புப் பக்டீரியாக்களும் அதே மினுக்கத்தைத் தரும். ஒரு குச்சியால் படலத்தைக் கீறிப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து, உடைந்தபடியே மிதந்தால் பக்டீரியா. பிரிந்த இடம் சுழன்று வந்து திரும்ப ஒட்டிக்கொண்டால் எண்ணெய். ஆய்வுகூடத்துக்கு இது ஈடாகாது. ஆனால் வெறும் பார்வையைவிட ஒரு படி மேல்.

‘காணப்படவில்லை’ என்றால்

ஆய்வறிக்கைகளில் அதிகம் பிழையாக வாசிக்கப்படும் சொல் ‘காணப்படவில்லை’. ஒவ்வொரு முறைக்கும் ஓர் எல்லை உண்டு; அதற்குக் கீழே உள்ளதை அந்த முறையால் உணர முடியாது. இலங்கையின் குடிநீர்த் தரம், எஸ்எல்எஸ் 614, 2013இல் திருத்தப்பட்டபோது எண்ணெய் கிறீஸுக்கு வைத்த உச்ச அளவு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். முன்னே சொன்ன எடைபோடும் சோதனையின் ஒரு புகழ்பெற்ற வடிவம் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் 1664ஆம் இலக்க முறை. அது நம்பி எண் சொல்லக்கூடிய கீழ்மட்டம் லீற்றருக்கு 5 மில்லிகிராம். தங்கக் கடைத் தராசில் நிறுக்க வேண்டியதை நெல்லுத் தராசில் வைப்பதுபோன்ற நிலை இது. 5க்குக் கீழே நம்பி எண் சொல்ல முடியாத முறையில் சோதித்துவிட்டு ‘காணப்படவில்லை’ என்று எழுதினால், தரம் கேட்கும் 0.2ஐப் பற்றி எதுவுமே சொன்னதாகாது. மறுபக்கமும் அப்படித்தான். அதே முறையில் 0.5 என்று ஓர் எண் வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டவும் முடியாது. ஆகவே அறிக்கையில் விடையைப் பார்க்கும் முன் முறையின் பெயரையும் உணரும் எல்லையையும் பார்க்க வேண்டும். அந்த வரிகள் இல்லாத அறிக்கையை அரை அறிக்கை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அலகு இன்னொரு பொறி. உரும்பிராயில் வெங்காயம், மரவள்ளி, வாழை என்று வருடம் முழுவதும் இறைப்புத் தோட்டம். யூரியாவும் எருவும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றியிருப்பது 1980களிலிருந்தே ஆய்வுக் கட்டுரைகளில் வரும் செய்தி. இதற்கான எல்லை 50 என்று ஒருவர் சொல்வார், 10 என்று இன்னொருவர் சொல்வார். முதலாமவர் நைத்திரேற்றாக எண்ணுகிறார். இரண்டாமவர் அதிலுள்ள நைதரசனை மட்டும் எண்ணுகிறார். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது 11.3 மில்லிகிராம் நைத்திரேற்று-நைதரசன். ஏறத்தாழ ஒரே எல்லை. ஓர் அறிக்கையில் 12 என்றும் மற்றதில் 53 என்றும் கண்டு ‘யாரோ பொய் சொல்லுகினம்’ என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை; இருவரும் ஒரே தண்ணீரை ஒரே அளவாகத்தான் அளந்திருக்கிறார்கள்.

யாருடைய எண்ணெய்?

எண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் நிறுவனத்தின் நிலையம் வருமுன்னரே அதே வளாகத்தில் பல தசாப்தங்களாக மின்பிறப்பாக்கிகள் ஓடியிருக்கின்றன. போரும் அந்த நிலத்தைக் கடந்து போயிருக்கிறது. ‘இது பழைய கழிவு’ என்பது ஒரு கட்சி. ‘புது நிலையத்தின் கழிவு’ என்பது மறு கட்சி. ‘இறைப்பு மெசினிலிருந்து ஒழுகும் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும்’ என்பது மூன்றாவது.

இப்படிப் போட்டிக் காரணங்கள் பல இருக்கும்போது சான்றை எடைபோடுவதற்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சான்றையும் கையில் எடுத்து, ‘இந்தக் காரணம் உண்மையானால் இதைக் காண எவ்வளவு வாய்ப்பு? மற்றக் காரணம் உண்மையானால் எவ்வளவு?’ என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு என்றால், அந்தச் சான்று எவ்வளவு பயங்கரமாகத் தோன்றினாலும் இந்தப் பிணக்கில் அதற்கு எடை இல்லை. கிணற்றில் எண்ணெய் மணம் வீசுவது அப்படிப்பட்ட ஒன்று. மெசின் ஒழுகினாலும் மணக்கும், மின்நிலையம் ஒழுக்கினாலும் மணக்கும்.

எடை உள்ள சான்றை எங்கே தேடலாம்? உரும்பிராயில். சுன்னாகத்தில் உள்ள அதே செம்பாட்டு மண், அதே சுண்ணாம்புக்கல், அதே வெங்காயத் தோட்டம், அதே இறைப்பு மெசின் இங்கேயும் உண்டு. பெரிய வேறுபாடு மின்நிலையத்திலிருந்து உள்ள தூரம். மெசின்தான் காரணம் என்றால் உரும்பிராய்த் தோட்டக் கிணறுகளிலும் ஏறத்தாழ அதே விகிதத்தில் எண்ணெய் இருக்க வேண்டும். மின்சார மோட்டர் மட்டும் உள்ள வீட்டுக் கிணறுகளில் இருக்கக் கூடாது. நிலையந்தான் காரணம் என்றால் அருகில் செறிந்து, தூரம் போகப் போகவும் நீரோட்டத்துக்கு எதிர்ப்புறத்திலும் குறைய வேண்டும். தோட்டக் கிணறு, வீட்டுக் கிணறு என்ற பேதம் இராது. ஒரு மாசுபட்ட ஊரை மட்டும் ஆயிரம் தடவை சோதித்தாலும் இது தெரிய வராது. மாசுபட்டதாக யாரும் சொல்லாத ஊரின் கிணறுதான் ஒப்பீட்டுக்குத் தேவை. ‘எங்கட பக்கம் பிரச்சினை இல்லை, ஏன் சோதிக்கிறியள்’ என்று கேட்கும் ஊர்தான் சோதனைக்கு மிகப் பயன்படும் ஊர்.

பழைய எண்ணெயா, புதிய எண்ணெயா என்பதற்கு இரசாயனக் கைரேகை இருக்கிறது. கச்சா எண்ணெய் உண்டான காலத்துப் பாசிகளிலிருந்தும் பக்டீரியாக்களிலிருந்தும் வந்த ஹோபேன், ஸ்ரெரேன் போன்ற மூலக்கூறுகள் எளிதில் சிதையாமல் அந்தந்த எண்ணெய்க்கு உரிய விகிதத்தில் நிலைத்திருக்கும். 1989இல் எக்ஸொன் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் விரிகுடாவில் மோதி எண்ணெயைக் கொட்டியது. அந்தக் கரைகளில் பிறகு எடுத்த தார்க் கட்டிகளை அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையினர் இம்முறையில் ஆராய்ந்தபோது, சில கட்டிகள் கப்பலின் எண்ணெயே அல்ல என்று தெரிந்தது. அவை கலிபோர்னியா எண்ணெயிலிருந்து வந்தவை. 1964ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் கரையோரத் தாங்கிகள் உடைந்து சிந்தியதுதான் அதற்குப் பொருத்தமான விளக்கம். கப்பல் கொட்டியதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கரையில் கிடந்ததெல்லாம் கப்பலுடையது என்று கொள்ள முடியாது என்பதும் உண்மை.

நைத்திரேற்றுக்கும் இதுபோன்ற ஒரு வழி உண்டு. நைதரசனில் 14, 15 என்று எடை வேறுபட்ட இரண்டு சமதானிகள் உள்ளன. காற்றிலிருந்து செய்யப்படும் உரத்தில் அவற்றின் விகிதம் காற்றினதை ஒட்டியே இருக்கும். மலக்கழிவிலும் எருவிலும் இலேசானது அமோனியாவாகப் பறந்துபோக, பாரமானது கூடிவிடும். கமக்காரரைக் குற்றஞ்சாட்டுவதா, மலக்குழிகளையா என்று கை நீட்டுமுன் இந்த விகிதத்தைப் பார்க்கலாம். மண்ணில் நடக்கும் வேறு மாற்றங்களும் விகிதத்தைக் கலைக்கக்கூடும் என்பதால் இதையும் தனிச் சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

எவ்வளவு நிச்சயம் போதும்?

2015 ஜனவரியில் மல்லாகம் நீதிவான் நீதிமன்றத்தின் உத்தரவால் நொதேர்ன் பவர் நிலையம் நின்றது. அதே ஆண்டில் சூழலியல் செயற்பாட்டாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த தீர்ப்பை நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதினார். மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட 500 பேருக்கு மேற்படாதோருக்கு ஆளுக்கு உச்சமாக 40,000 ரூபா வீதம் அது போக வேண்டும் என்றும் மன்றம் கட்டளையிட்டது. ஏற்பட்ட இழப்பின் ஒரு பகுதிக்காவது ஈடு என்ற நிலையிலேயே மன்றம் அந்தத் தொகையைப் பேசியது.

இதைக் கண்டு ‘அறிவியல் பிழை, நீதிமன்றம் சரி’ என்றோ, ‘நீதிமன்றத்துக்கு விஞ்ஞானம் தெரியாது’ என்றோ பேசுபவர்கள் இன்னொரு வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். எவ்வளவு நிச்சயம் இருந்தால் முடிவெடுக்கலாம் என்பது, பிழைத்துப்போனால் யாருக்கு என்ன நட்டம் என்பதைப் பொறுத்தது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தாய்க்கு ஐயம் ஒன்றே போதும், வேறிடத்துத் தண்ணீருக்குப் போவதற்கு. இழப்பீட்டு வழக்கில் ‘அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்பது போதும். ஆய்விதழில் ஒரு காரணத்தை நிறுவ முனைபவருக்கு இவை இரண்டும் போதாது. ஒரே சான்று மூன்று இடங்களில் மூன்று முடிவைத் தரலாம். அதில் முரண்பாடு ஒன்றுமில்லை. குழப்பம் வருவது, ஆய்வாளரின் ‘இன்னும் நிறுவப்படவில்லை’ என்ற வசனத்தைத் தாயிடம் ‘தாராளமாகக் குடிக்கலாம்’ என்று மொழிபெயர்க்கும்போதுதான்.

மனம் செய்யும் வேலை

அளவும் முறையும் எல்லையும் தெரிந்துவிட்டால் ஆட்கள் ஒரே முடிவுக்கு வந்துவிடுவார்களா? 1979இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் லோர்ட், லீ ரொஸ், மார்க் லெப்பர் மூவரும் இதைச் சோதித்தார்கள். மரணதண்டனையை ஆதரிக்கும் 24 மாணவரும் எதிர்க்கும் 24 மாணவரும் இரண்டு ஆய்வுகளை வாசித்தார்கள். ஒன்று தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது, மற்றது குறைக்கவில்லை என்றது. இரண்டும் சோதனைக்காகப் புனையப்பட்டவை. இரு தரப்பாரும் தமக்கு ஒத்த ஆய்வை ‘நல்ல முறை’ என்றார்கள், ஒவ்வாததில் ஓட்டை ஓட்டையாகக் கண்டுபிடித்தார்கள். ஒரே காகிதங்களை வாசித்து முடித்தபோது இரு தரப்புக்கும் இடையில் தூரம் கூடியிருந்தது. சான்று நிறைந்தால் சண்டை தணியும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல மருந்து.

1984இல் லோர்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்ரனும் சேர்ந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: எதைச் சொன்னால் இது திருந்தும்? ‘பாரபட்சமில்லாமல் நடந்துகொள்ளுங்கள்’ என்ற அறிவுரை பலிக்கவில்லை. பலித்தது வேறொன்று. ‘இதே ஆய்வு, இதே முறையில், எதிர் முடிவைத் தந்திருந்தால் அதன் முறையை நீங்கள் எப்படி மதிப்பிட்டிருப்பீர்கள்?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னபோது சாய்வு விலகியது. சுன்னாக அறிக்கைகளை வாசிக்கும் எவரும் இதைச் செய்து பார்க்கலாம். ‘மாதிரி எடுத்த முறை சரியில்லை’ என்று நான் சொல்லும் குறையை, எனக்குப் பிடித்த விடை வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா?

எதிரெதிராக நிற்கும் ஆய்வாளர்கள் ஒரே மேசையில் அமர்ந்த கதையும் உண்டு. ஆண்டு வருமானம் 75,000 டொலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று டானியல் கானெமனும் அங்கஸ் டீட்டனும் 2010இல் எழுதினார்கள். கூடிக்கொண்டே போகிறது என்று மத்தியூ கில்லிங்ஸ்வேர்த் 2021இல் எழுதினார். கானெமனும் கில்லிங்ஸ்வேர்த்தும் பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு தரவுகளைச் சேர்ந்து திரும்பப் பார்த்தார்கள். 2023இல் விடை வெளிவந்தது. பழைய வினாக்கொத்தால் மனத்துயர் குறைவதைத்தான் நன்றாக அளக்க முடிந்தது. மகிழ்ச்சியின் மேற்படிகளை அதால் பிரித்தறிய முடியவில்லை. மிகத் துயரில் உள்ள பிரிவினருக்கு ஓர் அளவுக்கு மேல் பணம் உதவவில்லை, மற்றப் பெரும்பாலோருக்கு ஏற்றம் நிற்கவில்லை. இரண்டு எண்ணுக்கும் நடுவே ஒரு சராசரி போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நடுவர் தீர்ப்புச் சொல்லும்வரை ஒரு கட்சியும் விட்டுக்கொடாது. விட்டுக்கொடுத்தால் சுவை போய்விடும். கிணற்றுத் தண்ணீருக்கு அந்த முறை உதவாது, ஏனென்றால் அங்கே பேச்சாளர் தம் கட்சியைச் சோதனைக்கு உட்படுத்துவதே இல்லை. தண்ணீர்ப் பிணக்குக்குத் தேவையானவை வேறு. மாதிரி எடுக்கும்போது இரு தரப்பும் கிணற்றடியில் நிற்க வேண்டும். ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் எடுத்த நீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஆய்வுகூடங்களுக்குப் போக வேண்டும். கூடவே, தரப்பாருக்குத் தெரியாமல், அளவு தெரிந்து எண்ணெய் கலந்த ஒரு போத்தலும் வெறும் தூய நீர்ப் போத்தலும் போக வேண்டும். ஆய்வுகூடம் அவற்றைச் சரியாகச் சொல்கிறதா என்று அதனால் தெரியும். எந்த முறை, எந்த எல்லை, எந்த அலகு என்பதை முதலிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். மூல எண்கள் முழுவதும் வெளிவர வேண்டும்.

இதில் பணம் அதிகம் செலவாகும் இடம் ஆய்வுகூடம். மனத்துக்குச் செலவாகும் இடம் அதற்கு முந்திய ஒரு படி. போத்தல் போய் விடை வருமுன்னர், இரு கட்சியும் ஒரு தாளில் ஒரு வரி எழுத வேண்டும்: ‘இன்ன எண் வந்தால் என் கருத்தை விட்டுவிடுவேன்.’ ‘உரும்பிராய்க் கிணறுகளிலும் இதே அளவு எண்ணெய் கண்டால் மின்நிலையத்தின் மேல் போட்ட பழியை எடுத்துக்கொள்வேன்’ என்று ஒருவரும், ‘தூரத்தோடு அளவு சீராகக் குறைந்தால் மெசின் கதையைக் கைவிடுவேன்’ என்று மற்றவரும் எழுதலாம். அந்த வரியை எழுதியவர்களுக்கு இடையில் உள்ளதுதான் கருத்து வேறுபாடு. அதைத் தரவு தீர்த்துவைக்கும். எழுத மறுப்பவரிடம் எந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினாலும் பயனில்லை. அவரோடு தண்ணீரைப் பற்றி வாதிடுவதை நிறுத்திவிட்டு, அவர் எதற்காக அந்தப் பக்கம் நிற்கிறார் என்று விசாரிப்பது நல்லது.